மறிச்சுக்கட்டியின் படங்கள் யாருக்குச் சொந்தம்?

மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறையைக் கடந்து வில்பத்துக் காட்டை நோக்கிச் செல்லும் கரையோரத்தில் மறிச்சுக்கட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் முத்து வியாபாரிகள் யாவரும் உச்சரித்த பெயர் அது. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்தின் வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். கீழக்கரை, தொண்டி, யாழ்ப்பாணம், மலையாளக் கரை, பாரசீக வளைகுடா எனப் பல திக்குகளிலிருந்தும் வந்த குளியாட்களும் வணிகர்களும் மணல்வெளியில் ஒரு தற்காலிக நகரத்தையே எழுப்பினார்கள். சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டிக்கும் அங்கே இடமிருந்தது!

அந்நகரத்தைப் படமெடுக்கவும் ஆட்கள் வந்தார்கள். அமெரிக்க இராஜதந்திரியாக இருந்த பென்ஃபீல்ட் 1907இல் வெளியிட்ட கீழைத்தேயப் பயண நூலிலும், குன்ஸ், ஸ்டீவன்சன் இருவரும் 1908இல் வெளியிட்ட முத்து பற்றிய பெருநூலிலும் இலங்கை முத்துக்குளிப்பின் படங்களைக் காணலாம். படகுகள், சிப்பிக் குவியல்கள், இடுப்புத் துணியோடு நிற்கும் குளியாட்கள். படங்களின் கீழ் தொழிலின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு என்று விதி இருந்தது. எடுக்கப்பட்ட படத்தில் அவர்களுக்குப் பங்கு ஏதும் இல்லை.

இதைச் சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். படப்பிடிப்பாளரின் வாடிக்கையாளர் யார் என்பதே இங்கே கேள்வி. பணம் கொடுத்தவர் வேறு, படத்தில் நின்றவர் வேறு. இன்று கலியாணத்துக்குப் படப்பிடிப்பாளரை அமர்த்தும் நம்மவர்கள், தாங்களே இருவருமாக இருப்பதால், இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

சட்டம் இதைக் கவனித்தே வந்திருக்கிறது. 1888இல் இங்கிலாந்தில் பொலார்ட் வழக்கு என ஒன்று நடந்தது. ஸ்ரூடியோவில் பணம் கொடுத்துப் படமெடுத்துக்கொண்ட ஒரு பெண்மணி, தம் உருவம் நத்தார் வாழ்த்து அட்டையாக அக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதை அறிந்து நீதிமன்றம் சென்றார். நெகட்டிவ் எங்களுடையது என்றது ஸ்ரூடியோ. கண்ணாடித் தட்டு உங்களுடையதாக இருக்கலாம். வாடிக்கையாளருக்காக எடுத்த முகத்தை உங்கள் இலாபத்துக்கு அச்சிட உங்களுக்கு உரிமையில்லை என்னும் பொருளில் நீதிபதி தீர்ப்பளித்தார். எழுதப்படாத ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்பது அதன் அடிப்படை.

பின்னர் வந்த 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பணம் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவரே உரிமையாளர் என்றது. இலங்கையிலும் 1979ஆம் ஆண்டின் சட்டக்கோவை வரும்வரை அதுவே வழக்கில் இருந்தது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும், வேறு உடன்பாடு இல்லாதபோது, அதே வழியில்தான் செல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டமோ படைத்தவரையே முதல் உரிமையாளராக வைக்கிறது. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. ஆகவே சென்னையில் நடக்கும் கலியாணத்துக்கும் இலண்டனில் நடக்கும் கலியாணத்துக்கும் ஒரே வாய்ச்சொல் ஒப்பந்தம் வெவ்வேறு பலனைத் தரும். புலம்பெயர்ந்த உறவினர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

முத்துப்படுகை 1907க்குப் பின் ஏமாற்றியது. 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பனியும் கலைந்தது. மறிச்சுக்கட்டி மீண்டும் சிற்றூராயிற்று. 1972இல் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கியபோதுதான் இத்தகைய ஊர்களில் பலர் முதன்முதலாக ஸ்ரூடியோவின் முக்காலியில் அமர்ந்தார்கள். பிறகு கலியாண அல்பங்கள் வந்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, மறிச்சுக்கட்டி மக்களும் அகதிகளானார்கள். கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட சொற்பப் பொருள்களுக்குள் அல்பத்துக்கு எங்கே இடம்?

சில ஆண்டுகள் கழித்துப் புத்தளத்து முகாம் ஒன்றில் முசலிப் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். எங்கள் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் அவரைப் படமெடுத்தார். "மகன், எனக்கு ஒரு கொப்பி அனுப்புவீங்களா? என்ட படம் ஒண்டும் என்னட்ட இல்ல" என்றார். அனுப்புகிறேன் என்றேன். படம் அச்சில் வந்தது. கொப்பி போகவில்லை. நினைவு வந்து தேடியபோது நெகட்டிவ் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. அவர் யாருக்கும் பணம் கொடுத்திருக்கவில்லை; ஆகவே அவர் எவருடைய வாடிக்கையாளரும் அல்லர்.

பணம் கொடுப்பவர்களாவது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே மூலக்கோப்புகள் யாரிடம் இருக்கும், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், கடை வாசலிலோ இணையத்திலோ உங்கள் மகளின் முகத்தை மாட்ட அனுமதி வேண்டுமா, பேசிய ஆளே வருவாரா அல்லது உதவியாளரா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். நல்ல படப்பிடிப்பாளர் இதற்குக் கோபிக்க மாட்டார். ஸ்ரூடியோ உங்கள் படத்தை என்றென்றும் காக்கும் என நம்பவேண்டாம். பழைய நெகட்டிவ்களை வெள்ளி பிரித்தெடுக்க விற்றவர்களும் உண்டு.

பிரதியை ஒரே வீட்டிலும் வைக்காதீர்கள். நான் புத்தளத்தில் சந்தித்த முசலிக் குடும்பங்களுள் கலியாணப் படம் மிஞ்சியிருந்தவர்கள், முன்பு கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்த உறவினருக்குத் தபாலில் அனுப்பிய பிரதியைத் திரும்பக் கேட்டு வாங்கியவர்களே.