சேத்தியாத்தோப்பில் நெல் விற்ற வழிகள்

வெள்ளாற்று அணைக்கட்டையும் வீராணம் ஏரியையும் நம்பி நெல் விளைவிக்கும் சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் சாலையும் விருத்தாசலத்திலிருந்து புவனகிரி வழியே சிதம்பரம் செல்லும் சாலையும் சந்திக்கும் ஊர் என்பதால், அங்கு அறுவடையாகும் நெல் வெளியேறப் பல திசைகள் உண்டு. ஆயினும் எந்தத் திசையில் அனுப்புவது என்பதைச் சிறு விவசாயி தாமே முடிவு செய்த காலம் குறைவு.

நடவுக்கு முன்பணம் வாங்கியவர், அறுத்த நெல்லைக் களத்திலேயே, அதாவது கதிரடிக்கும் இடத்திலேயே, கடன் கொடுத்தவருக்கு அளந்துவிடுவதே பழைய வழக்கம். குத்தகை நெல்லும் அறுப்புக்கூலி நெல்லும் போக மிஞ்சியதற்கு மட்டுமே சந்தை என்று ஒன்று இருந்தது. அளவையும் விவசாயிக்குச் சாதகமானதன்று: 12 மரக்கால் ஒரு கலம் என்ற வாய்ப்பாடு பொதுவானது என்றாலும், மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது, அதைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதோ அளப்பவரின் கையைப் பொறுத்தது.

வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகளைப் பரிந்துரைத்ததை அடுத்து, சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அதன் கவனம் பருத்தி, புகையிலை, தென்னாற்காட்டார் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை ஆகியவற்றின் மீதே இருந்தது. ஏற்றுமதிக்குப் போகும் பயிருக்குச் சட்டம் முந்தி வந்ததும் உண்ணும் பயிர் காத்திருந்ததும் தற்செயல் என்று கொள்வது கடினம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நெல்லைத் தேடி வந்த அரசு கட்டாயக் கொள்முதலுக்காகவே வந்தது. இராஜாஜி அரசு 1952இல் உணவு தானியக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் வரை, விற்கும் இடத்தைத் தேர்வதென்ற பேச்சுக்கே அதிக இடமில்லை. 1959ஆம் ஆண்டின் விளைபொருள் சந்தைச் சட்டமே பிற விளைபொருள்களுக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாசலை விரிவாகத் திறந்தது.

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டு, நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் பரவிய பின்னரே தேர்வு உண்மையிலேயே தேர்வாயிற்று. விற்பனைக்கூடத்தில் வியாபாரிகள் ஒருவர் விலையை மற்றவர் அறியாமல் எழுதிக் கொடுக்கும் மறைமுக ஏலம் நடப்பதால், பொன்னி போன்ற சன்ன அரிசி தரும் நெல்லுக்குத் தேவை மிகும் நாளில் நல்ல விலை கிட்டும். வரத்து பெருகும் நாளில் அது இறங்கும். கொள்முதல் நிலையத்திலோ விலை முன்பே அறிவிக்கப்பட்டது. 2024-25 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,405 ரூபாய், சன்ன ரகம் 2,450 ரூபாய். அங்கு ரகம் இரண்டே என்பதால், மிக நயமான நெல்லுக்குத் தனி மதிப்பில்லை. ஈரப்பதம் வழக்கமாக 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நில உரிமையைக் காட்டும் சிட்டாவும், எந்தப் புலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலும் காட்ட வேண்டும்.

வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவருக்கு அந்த அடங்கல் எளிதில் கிடைப்பதில்லை. அறுவடை இயந்திரத்திலிருந்து ஈரத்தோடு கொட்டும் நெல்லைக் காயவைக்கக் களமும், வரிசையில் காத்திருக்க நாளும் இல்லாதவர், வயலோரம் லாரியோடும் தராசோடும் வந்து அன்றே பணம் தரும் வியாபாரிக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிடுகிறார். அடுத்த நடவுக்கான முன்பணத்தையும் பல வேளைகளில் அவரிடமே கேட்கிறார்.