உயர் ஐ.எஸ்.ஓ. படத்தரம்

உயர் ஐ.எஸ்.ஓ. படத்தரம் என்பது எண்ணிம ஒளிப்படக்கருவியின் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தி, குறைந்த ஒளியில் எடுக்கப்படும் படங்களின் தரத்தைக் குறிக்கும். இவ்வளவை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 12232 சீர்தரம் 1998 இல் முதலில் வெளியானது.

ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்துவதால் உணரியில் விழும் ஒளி கூடுவதில்லை. பெறப்பட்ட குறிகையே பெருக்கப்படுகிறது. ஒளி குறையும்போது குறிகையை ஒப்பிட இரைச்சல் மிகுவதால், படத்தில், குறிப்பாக நிழற்பகுதிகளில், புள்ளிகள் தோன்றுகின்றன.

எடுத்துக்காட்டு

கோவில்பட்டி வளைதடிப் பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்ற ஊராகும். மின்னொளி ஆட்டமொன்றில் ஐ.எஸ்.ஓ. 100 இல் 1/60 நொடி தேவையெனில், ஓடும் வீரரின் உருவம் மங்கும். ஐ.எஸ்.ஓ. 1600 இல் ஏறத்தாழ 1/1000 நொடி போதுமானது. அதற்கு ஈடாக இரைச்சலை ஏற்க வேண்டும். அருகிலுள்ள கழுகுமலை வெட்டுவான் கோயிலை அந்தியொளியில் எடுப்பதற்கு இது பொருந்தாது. சிற்பங்கள் அசையாதவை என்பதால், முக்காலியின் துணையுடன் ஐ.எஸ்.ஓ. 100 இலேயே நீண்ட நேரம் ஒளியைப் பதியலாம்.

மதிப்பிடல்

இரு கருவிகளை ஒப்பிடுகையில் ஒளி, துளையளவு, மூடுவேகம் ஆகியவை ஒன்றாக இருத்தல் வேண்டும். படங்களையும் ஒரே அளவில் காண வேண்டும். கருவியின் இரைச்சல் நீக்கம் புள்ளிகளுடன் தலைமுடி, துணியிழை போன்ற நுண்விவரங்களையும் அழிக்கக்கூடும். எனவே வழவழப்பான படம் தரமான படமாகவே இருக்கும் எனக் கொள்ள இயலாது. பதப்படுத்தப்படாத மூலக்கோப்புகளை ஒப்பிடுவது கூடுதல் நம்பகமானது.