தோட்டச் சாலைகளில் லோலோடர்: ஹைட்ராலிக் அமைப்பு

லோலோடர் என்பது தரையை ஒட்டித் தாழ்ந்த தளமுடைய, கனரக இயந்திரங்களைச் சுமக்கும் டிரெய்லர். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களுக்கு இது பெரும்பாலும் மறுநடவுக்கான எக்ஸ்கவேட்டரை ஏற்றிக்கொண்டு வருகிறது. எப்போதாவது செம்பனை ஆலைக்குப் பாய்லரும் வரும்.

ரப்பர் காலத்தில் இந்த வண்டிக்குத் தோட்டத்தில் அவ்வளவாக வேலையில்லை. 1960களிலிருந்து ரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனை சுமார் 25 ஆண்டுகளில் எட்டாத உயரத்துக்கு வளர்ந்து, குலை வெட்டுவதே பெரும்பாடாகிவிடும். மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்கத் தடை இருப்பதால், எக்ஸ்கவேட்டர் அவற்றைச் சாய்த்து, துண்டாக்கி, வரிசையாக மக்கப் போடுகிறது. இருபது டன் எடையுள்ள அந்த இயந்திரம் தார்ச்சாலையில் தானே ஊர்ந்து போனால் சாலையும் கெடும், அதன் சங்கிலியும் தேயும்.

அதனால் அதை லோலோடரில்தான் ஏற்ற வேண்டும். இவ்வண்டியின் ஹைட்ராலிக் அமைப்பில், லாரியின் கியர்பாக்ஸிலிருந்தோ தனி எஞ்சினிலிருந்தோ பம்ப் இயங்கி, எண்ணெயை அழுத்தத்துடன் சிலிண்டருக்கு அனுப்பும். 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரு சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 16 டன்னைத் தூக்கும். பின்புற ஏறுபலகையை இறக்குவதும் உயர்த்துவதும் இத்தகைய சிலிண்டர்களே. சில வண்டிகளில் லாரியோடு இணையும் முன்கழுத்தை ஹைட்ராலிக் மூலம் கழற்றித் தளத்தைத் தரையில் இறக்கலாம். இயந்திரம் முன்பக்கமாகவே ஏறிவிடும்.

கோல்ட்ஹோஃபர், ஷொயர்லே போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் பல அச்சு டிரெய்லர்களில் சக்கரத் தொகுதிகளுக்குத் தனித்தனிச் சிலிண்டர் உண்டு. ஒரே பகுதியிலுள்ள சிலிண்டர்கள் குழாயால் இணைந்திருப்பதால் அழுத்தம் சமமாகும். பள்ளத்தில் இறங்கும் சக்கரத்தின் சிலிண்டர் நீள, மற்றவை சுருங்கும். இப்பகுதிகளை மூன்றாகப் பிரித்தால் சுமை முக்காலிபோல் ஆடாமல் நிற்கும். ஆனால் அம்மூன்று பகுதிகளும் அமைக்கும் முக்கோணத்துக்கு வெளியே எடைமையம் விழுந்தால் வண்டி கவிழும்.

தோட்டங்களில் சிலிண்டருக்கு முதல் எதிரி சுமையல்ல, செம்மண் தூசிதான். சிலிண்டர் தண்டின் சீல் தேய்ந்தால் தூசி எண்ணெயோடு கலந்து வால்வைக் கெடுக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது. உயரழுத்த எண்ணெய் தோலைத் துளைத்துவிடும்.

ஹைட்ராலிக் அமைப்பு எடையைப் பகிருமே தவிர, குறைக்காது. செம்பனைக் குலை லாரிக்கென்று கட்டிய சிறுபாலத்தில் லோலோடரை விடுமுன் பாலத்தின் தாங்குதிறனைச் சரிபார்க்க வேண்டும்; போதாதென்றால் இயந்திரத்தை இறக்கித் தனியே கடத்த வேண்டியிருக்கும்.