மாத்தளையின் நாய் வரியும் சரமையின் சோதனையும்

நாய்க்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். 'நாய் நன்றியுள்ள பிராணி' என்று பாலர் வகுப்பில் ஒரு வசனம் எழுதியதோடு அந்த விடயத்தை முடித்துக்கொண்டவர்கள் நாம். ஆனால் மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் நாயை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட முடியாது. இந்த மண்ணில் நாயின் பெயரால் வரி விதிக்கப்பட்டது. அந்த வரியும் சேர்ந்து மூட்டிய தீயில் ஓர் அரசாட்சியே ஆட்டங்கண்டது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னர், நாய்க்கு நீதி கேட்கும் கதையொன்றின் பாடல்களும் இதே மண்ணில்தான் ஏட்டிலேறின என்பது மரபு.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு சிறு வினா. 'போய் எடுத்து வா' என்று ஏவிய நாய், வழியில் இறைச்சித் துண்டு கிடந்தாலும் திரும்பிப் பாராமல் ஏவிய பொருளைக் கவ்வி வந்து எசமானின் கையில் கொடுக்கிறதே, அதை அது எப்படிக் கற்றது? அச்சத்தாலா, வேறெதனாலுமா? மனிதன் தன் ஏவலுக்கு உட்பட்ட உயிர்களை எப்படி மதித்தான் என்ற பெரிய வினாவும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு சிலிங் நாய்

1847ஆம் ஆண்டு இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்தவர் டொரிங்டன் பிரபு. முப்பத்தைந்து வயதும் நிரம்பாதவர். அப்போதைய பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசலின் உறவினர். கோப்பியின் விலை வீழ்ந்து திறைசேரி வரண்டிருந்த நேரம் அது. தோட்டத் துரைமாரின் பாரத்தைக் குறைக்கவும் திறைசேரியை நிரப்பவும் ஒரே வழியாக அவர் கண்டது, குடிமக்கள் மீது நேரடி வரிகளைச் சுமத்துவது. துப்பாக்கி வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங், கடை வைத்திருப்பதற்கு ஒரு பவுண், நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங். இவற்றோடு ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை; அது முடியாதவர் மூன்று சிலிங் கட்ட வேண்டும்.

ஒரு சிலிங் பெரிய தொகையா என்று கேட்கலாம். பணப் புழக்கமே அருகியிருந்த கண்டி நாட்டுக் கிராமத்தில் அது பெரிய தொகைதான். அதைவிடப் பெரியது அந்த வரிக்குப் பின்னால் இருந்த எண்ணம். அதிகாரியின் கண்ணில் கிராமத்து நாய் தேவைக்கு மிஞ்சிய பிராணி. லண்டன் மாநகரத்துச் சீமான் மடியில் வைத்துக் கொஞ்சும் நாய்க்கு வரி கேட்பது போலத்தான் இதுவும் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனால் மாத்தளைக் காட்டோரத்தில் குரக்கனும் எள்ளும் விதைத்தவனுக்கு நாய் என்பது இரவுக் காவல். பன்றியும் மரையும் சேனைக்குள் இறங்கும்போது முதலில் குரைத்து எழுப்புவது அதுதான். மான் வேட்டைக்கும் உடும்பு தேடவும் கூடவே வருவதும் அதுதான். 1840ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் சேனை நிலத்தைப் பறித்துக்கொண்டிருந்தது. இப்போது சேனைக் காவலுக்கும் விலை கேட்டது.

1848 ஜூலைத் தொடக்கத்தில் கண்டியில் மக்கள் திரண்டு முறையிட்டனர். பயன் கிடைக்கவில்லை. ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மொரட்டுவையிலிருந்து மலைநாட்டுக்கு வந்த புரன் அப்பு அவனுடைய தளபதி. கூட்டம் மாத்தளைக்கு வந்து கச்சேரியைத் தாக்கியது. மறுநாளே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். அதே மாதம் கண்டியில் குடாப்பொல என்ற பிக்கு காவியுடையோடு சுடப்பட்டார். கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் பிடிபட்டுப் பின்னர் மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். கண்டனம் லண்டன் வரை எட்டியது. 1850இல் தேசாதிபதி திருப்பி அழைக்கப்பட்டார். அவர் விதித்த வரிகளில் நிலைத்து நின்றது வீதிச் சட்டம்தான்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்த காலமும் இதுதான். வழியில் மாண்டவர்களின் தொகை கொஞ்சமல்ல. ஒருபுறம் நிலத்தை இழந்த சிங்களக் குடியானவன். மறுபுறம் அந்த நிலத்தில் முளைத்த தோட்டத்துக்குக் கூலியாக வந்த தமிழன். இருவரும் ஒரே கோப்பிக் கணக்கின் இரு பக்கங்கள் என்பதை அன்று இருவருக்கும் எடுத்துச் சொல்ல யாருமிருக்கவில்லை.

அளுவிகாரையில் ஏறிய கதை

மாத்தளை நகரிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் இருக்கிறது அளுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், வாய்வழி வந்த திரிபிடகம் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அத்திரிபிடகத்தில் ஜாதகப் பாடல்களும் அடங்கும். அவற்றுள் ஒன்று குக்குர ஜாதகம். அப்பாடலுக்கு உரையாக வழங்கிவரும் கதை இது.

காசி மன்னனின் தேர் மாலையில் உலா முடிந்து அரண்மனை முற்றத்தில் நிற்கிறது. இரவு மழையில் தேரின் தோல் வார்கள் நனைந்து மணக்கின்றன. அரண்மனையில் வளரும் உயர்சாதி நாய்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து தோலைத் தின்றுவிடுகின்றன. காலையில் சேவகர், 'வெளி நாய்கள் சாக்கடை வழியே புகுந்து தின்றுவிட்டன' என்கிறார்கள். மன்னன் கண்ட நாயையெல்லாம் கொல்லும்படி ஆணையிடுகிறான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. தெரு நாய்கள் மயானத்துக்கு ஓடித் தம் தலைவனிடம் முறையிடுகின்றன. தலைவனாகப் பிறந்திருப்பவர் போதிசத்துவர். அவர் தனியே அரசவைக்கு வந்து, தின்றது இன்ன நாய் என்று தெரியாமலே எல்லாவற்றையும் கொல்வதும், அதிலும் வீட்டு நாயை விட்டு எளிய நாயைக் கொல்வதும் எந்த நீதி என்று கேட்கிறார். பிறகு மோரில் தருப்பைப் புல்லை அரைத்து அரண்மனை நாய்களுக்குப் புகட்டச் செய்கிறார். அவை தோல் துண்டுகளைக் கக்குகின்றன. உண்மை வெளியாகிறது.

நாயின் ஆசை பற்றிய கதைதான் இது. ஆனால் ஆசைக்குத் தோற்றது ஊட்டி வளர்த்த நாய். பழி சுமந்தது ஊட்டாத நாய். மாத்தளைக் கிராமத்து நாய்க்கு ஒரு சிலிங் விதித்தவர்கள், அதே மாத்தளையில் ஏட்டிலேறியதாக மரபு சொல்லும் இப்பாடலை அறிந்திருக்க நியாயமில்லை. அறிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்களோ என்னவோ.

சரமைக்கு இரண்டு முடிவுகள்

இனி நமது வினாவுக்கு வருவோம். ஏவிய நாய் வழியில் ஆசைக்கு உட்படுமா என்ற சோதனை இருக்குவேதத்திலேயே வந்துவிட்டது. பணிகள் என்போர் பசுக்களைக் கவர்ந்து மலைக்குகையில் ஒளித்துவைத்தார்கள். அவற்றைத் தேடிவர இந்திரன் அனுப்பிய பெண் நாய் சரமை. இரசை என்ற பேராற்றைக் கடந்து அது குகை வாயிலை அடைகிறது. பணிகள் மிரட்டவில்லை, ஆசை காட்டுகிறார்கள். 'நீ எங்கள் சகோதரியாக இருந்துவிடு. பசுக்களில் உனக்கும் பங்கு உண்டு' என்பது அவர்களின் பேரம். சரமை மறுத்துவிடுகிறது. பத்தாம் மண்டலத்தில் இந்த உரையாடல் தனிச் சூக்தமாகவே அமைந்துள்ளது.

பிற்காலத்துப் பிருகத்தேவதை என்ற நூல் இதே கதையை வேறுவிதமாக முடிக்கிறது. அங்கே சரமை பணிகள் கொடுத்த பாலைக் குடித்துவிடுகிறது. திரும்பி வந்து பசுக்களைக் காணவில்லை என்று பொய் சொல்கிறது. இந்திரன் காலால் உதைக்க, குடித்த பாலைக் கக்கிக்கொண்டு, நடுங்கியபடி குகையை நோக்கி ஓடுகிறது. ஆக, ஒரே நாய்க்கு இரண்டு முடிவுகள். ஒன்றில் நம்பிக்கை, மற்றதில் உதை.

இன்னொரு செய்தியும் உண்டு. முதலாம் மண்டலத்தில், சரமை தன் குட்டிக்கு உணவு பெற்றது என்றொரு குறிப்பு வருகிறது. உரையாசிரியர் சாயணர் அதை விளக்குகையில், புறப்படுமுன்னரே தன் குட்டிக்குப் பால் தரவேண்டும் என்று சரமை இந்திரனிடம் கேட்டு உறுதி பெற்றதாகச் சொல்கிறார். எசமானிடம் தனக்குரியது கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் பிறர் காட்டும் பால் பெரிதாகத் தெரியாது. நாய் பழக்குவோர் இன்று சொல்வதும் ஏறத்தாழ இதைத்தான்.

மகாவம்சத்தில் இந்தச் சோதனை தலைகீழாக நடக்கிறது. விஜயன் கரையிறங்கியபோது குவேனியின் பணிப்பெண் நாய் வடிவில் வந்து போகிறாள். 'நாய் இருந்தால் ஊர் இருக்கும்' என்று எண்ணி, இளவரசன் தடுத்தும் கேளாமல், ஆள் ஒருவன் அதன் பின்னே போய் அகப்படுகிறான். அங்கே ஏவலை மீறி ஆசைக்குப் பின்னே போனது மனிதன்!

சாட்டையிலிருந்து கைப்பிடி உணவுக்கு

மாத்தளை எரிந்த அதே 1848ஆம் ஆண்டு லண்டனில் ஹச்சின்சன் என்ற படையதிகாரி வேட்டை நாய்களைப் பழக்குவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சாட்டையைவிடத் தெளிவான சைகையும் பொறுமையும் வெகுமதியும் மேல் என்பது அதன் சாரம். அதே ஆண்டில்தான் சாமுவேல் பேக்கர் குடியேறும் நோக்குடன் வேட்டை நாய்க் கூட்டத்தோடு நுவரெலியாவுக்குப் புறப்பட்டார். கிராமத்தானின் நாய்க்கு வரி வந்த ஆண்டில் துரைமாரின் நாய்க்கு நூலும் கப்பலும் கிடைத்தன என்பதை வரலாற்றின் கிண்டல் என்றே சொல்லவேண்டும்.

1882இல் அமெரிக்காவில் ஹம்மொண்ட் என்பவர் ஒரு படி மேலே போய், நாயை 'உடைப்பது' வேறு, 'பழக்குவது' வேறு என்று எழுதினார். 1910இல் ஜேர்மனியில் கொன்ராட் மோஸ்ட் பொலிஸ் நாய்களுக்கான கைநூல் எழுதினார்; அதில் கண்டிப்பு மிகுதி. 1933இல் ஹெலன் வைற்ஹவுஸ் வோக்கர் என்ற பெண்மணி நியூயோர்க் மாநிலத்தில் முதலாவது கீழ்ப்படிவுப் போட்டியை நடத்தினார். மூன்றாண்டுகளில் அமெரிக்க நாய் வளர்ப்போர் கழகம் அதை ஏற்றுக்கொண்டது. இருமுனையும் தடித்த மரக்கட்டையைத் தடை தாண்டி எடுத்துவருவது அத்தகைய போட்டிகளின் முக்கிய அங்கமாயிற்று. 1951இல் உளவியலாளர் ஸ்கின்னர், எந்த வீட்டுக்காரரும் சிறு ஒலியையும் உணவையும் கொண்டு விலங்குகளுக்குக் கற்பிக்கலாம் என்று விளக்கினார்.

இன்று அந்தப் பாடம் எப்படி நடக்கிறது? முதலில் கட்டையை வாயில் வைத்திருக்கப் பழக்குவார்கள், சொன்னதும் விடப் பழக்குவார்கள், பிறகு அதைச் சுமந்து நடக்க, பிறகு ஓரடி தூரத்திலிருந்து எடுத்துவர, பிறகு பத்தடி. இவையெல்லாம் ஆளரவமற்ற முற்றத்தில். அதன் பின்னரே சோதனை. ஒரு தட்டில் இறைச்சி, முதலில் வெகு தொலைவில், மூடியபடி. தூரம் கூடினால் ஆசையைக் குறைப்பார்கள். ஆசை கூடினால் தூரத்தைக் குறைப்பார்கள். இரண்டையும் ஒருசேரக் கூட்டினால் பாடம் கெடும். முற்றத்தில் கற்றதை நாய் சந்தையிலும் செய்யும் என்று எதிர்பார்ப்பதும் தவறு; இடம் மாறினால் அதற்குப் பாடம் புதிது. நாய் தட்டை நோக்கிப் போனால் அடிப்பதில்லை. தட்டு எட்டாதபடி பார்த்துக்கொண்டு, ஒரு படி கீழிறங்கி மீண்டும் தொடங்குவார்கள். கட்டையைக் கொண்டுவந்து தந்தாலோ, தட்டில் இருப்பதைவிட நல்லது கையில் கிடைக்கும். நாளடைவில் நாய் ஒரு கணக்கைப் புரிந்துகொள்கிறது: இறைச்சிக்குப் போகும் பாதை எசமானின் கை வழியாகத்தான் போகிறது. ஆசையை அது துறக்கவில்லை. சற்றுப் பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இலங்கைப் பொலிஸ் நாய்ப் பிரிவின் தலைமையகம் மாத்தளைக்கு அயலில், கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. போதைப்பொருளையும் வெடிமருந்தையும் மோப்பம் பிடிக்கும் நாய் சந்தடி மிக்க இடத்தில் சிந்திய சோற்றுக்கு மூக்கைத் திருப்பினால் என்ன ஆகும்? அங்கே இந்தப் பாடம் விளையாட்டல்ல. ஓர் உயிர் தங்கியிருக்கும் விடயம்.

நாலடியார் சொன்னது

நாலடியார் நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில், யானை போன்றாரை விட்டு நாய் போன்றாரின் உறவைக் கொள்ளச் சொல்கிறது. யானை நெடுநாள் அறிந்த பாகனையே கொல்லும். நாயோ தன்மேல் எறிந்த வேல் உடம்பில் இருக்கவும் வாலைக் குழைக்கும் என்பது அங்கே தரப்படும் காரணம். நாயின் பெருமையைச் சொல்லும் உவமை இது. ஆனால் வேலை எறிந்தவனைப் பற்றி அந்தப் பாட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடித்தாலும் வாலாட்டும் என்பதற்காக அடிப்பது முறையாகிவிடுமா?

1901இல் இலங்கையில் நாய்ப் பதிவுச் சட்டம் வந்தது. நீர்வெறுப்பு நோய் பரவிய நாட்டில் நாயைப் பதிவதும் தடுப்பூசி போடுவதும் அவசியமே. அதை யாரும் மறுப்பதற்கில்லை. 1848இன் தவறு நாய்க்குக் கணக்கு வைத்ததல்ல. அந்த நாய் சேனையில் செய்த வேலையை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டதுதான். அந்த வேலைக்கு அதை யாரும் நூல் பார்த்துப் பழக்கவில்லை. பிடி சோறும் கூப்பிட ஒரு பெயருமே அதற்குக் கிடைத்த வெகுமதி. இருட்டில் பன்றியின் வாடைக்குப் பின்னே காட்டுக்குள் ஓடிவிடாமல், காவற்பரணின் கீழ் நின்று குரைத்து அவனை எழுப்பிய அந்த நாய்க்குச் சரமையின் முதல் முடிவே பொருந்தும்.