டப்ளின் பதிப்பாளர் ஜார்ஜ் ஃபாக்னரும் கலிவர் பயணங்களின் மூலபாடமும்

1753இல் இலண்டன் நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் தம் வழக்கைப் பொதுமக்கள் முன் வைத்துச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அவருடைய ‘சர் சார்லஸ் கிராண்டிசன்’ நாவல் இலண்டனில் வெளிவருமுன்பே, அச்சான பாரங்கள் அவருடைய அச்சகத்திலிருந்து கடத்தப்பட்டு டப்ளின் பதிப்பாளர் மூவரின் கையை அடைந்திருந்தன. அயர்லாந்துப் பதிப்புக்கென அவரோடு முன்னரே உடன்பாடு செய்திருந்தவர் ஜார்ஜ் ஃபாக்னர். அவரும் பிறகு அம்மூவரோடு பங்கு சேர்ந்துகொண்டார் என்பது ரிச்சர்ட்சனின் குற்றச்சாட்டு. ஆங்கில இலக்கிய வரலாறுகளில் ஃபாக்னர் பெயரோடு ‘திருட்டுப்பதிப்பு’ என்னும் சொல் ஒட்டிக்கொண்டதற்கு இந்நிகழ்ச்சி ஒரு முதன்மைக் காரணமாகும். ஆயினும் அவர் வெளியிட்டவற்றுள் தலையாயதை ஆராயும்போது, அச்சொல் எந்த அளவுக்குப் பொருந்தும் என்னும் ஐயம் எழுகின்றது.

முதலில் சட்டநிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1710இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் அயர்லாந்துக்குப் பொருந்தவில்லை. இலண்டன் நூலொன்றை டப்ளினில் மறு அச்சிட்டு அங்கேயே விற்பது எவ்வகையிலும் குற்றமன்று. டப்ளின் வணிகர் தமக்குள் ஒரு வழக்காற்றைப் பேணினர். மறு அச்சிடும் எண்ணத்தை முதலில் அறிவித்தவருக்கே அந்நூல் உரியது. அந்த மறு அச்சுகள் இங்கிலாந்துக்குள் சென்று விற்பனையான போதுதான் பூசல் எழுந்தது. 1739ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விறக்குமதியைத் தடை செய்தது. அயர்லாந்து பிரித்தானியாவோடு இணைக்கப்பட்ட 1801இல் பதிப்புரிமைச் சட்டம் அங்கும் நீட்டிக்கப்பட, டப்ளினின் மறு அச்சுத் தொழில் நொடித்துப்போயிற்று. ஆகவே ‘திருட்டு’ என்பது இலண்டன் வணிகரின் பக்கம் நின்று வழங்கிய சொல் எனலாம். (ரிச்சர்ட்சனின் பாரங்கள் கடத்தப்பட்டது வேறு, அதற்கு எந்நாட்டு வழக்காறும் துணை நிற்காது.)

ஃபாக்னர் டப்ளினில் தாமஸ் ஹியூம் என்பவரிடம் அச்சுத்தொழில் பயின்றவர். இலண்டனில் வில்லியம் போயரிடமும் பணிபுரிந்தவர். ‘டப்ளின் ஜர்னல்’ என்னும் செய்தித்தாளை நெடுங்காலம் நடத்தினார். ஜானதன் ஸ்விஃப்டின் டிரேப்பியர் மடல்களை 1724இல் அச்சிட்ட ஜான் ஹார்டிங் சிறைப்பட்டு, மறு ஆண்டே இறந்துபோனார். அம்மடல்களைத் தொகுத்து 1725இல் வெளியிட்டவர் ஃபாக்னர். ஸ்விஃப்டை அச்சிடுதல் இடர் நிறைந்த தொழில் என்பதை அவர் அறியாதவரல்லர். 1736இல் ஆயர் ஒருவரின் அங்கத நூலை வெளியிட்டதற்காக அவரே சிறை செல்ல நேர்ந்தது.

1735இல் அவர் கையொப்பம் திரட்டி நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ஸ்விஃப்ட் நூல்தொகையே நம் ஆய்வுக்குரியது. முகப்பில் ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே உள்ளன. ‘கலிவர் பயணங்கள்’ மூன்றாம் தொகுதியாக அமைந்தது. அந்நூலை 1726இல் முதன்முதலாக அச்சிட்ட இலண்டன் பதிப்பாளர் பெஞ்சமின் மோட், அரசின் சினத்துக்கு அஞ்சிச் சில பகுதிகளை மாற்றியிருந்தார். நான்காம் பாகத்தில் முதலமைச்சரைப் பற்றிய பகுதிக்கு முன், ஆன் அரசியார் அமைச்சரின்றியே ஆண்டார் எனப் புகழும் பத்தியொன்று நுழைக்கப்பட்டிருந்தது. ஃபாக்னர் பதிப்பில் அது நீக்கப்பட்டது. மூன்றாம் பாகத்தில் சதிவழக்குகளைப் பற்றிய பகுதியில் ‘டிரிப்னியா’, ‘லாங்டன்’ ஆகிய பெயர்கள் இடம்பெற்றன. பிரித்தானியா, இங்கிலாந்து என்னும் பெயர்களின் எழுத்துகளை இடம் மாற்றி அமைத்தவை அவை; மோட் பதிப்பில் இவை இல்லை. முன்னுரையாக அமைந்த கலிவரின் கடிதமோ மோட் செய்த சிதைவுகளை வெளிப்படையாகவே பழிக்கிறது. ஸ்விஃப்டின் நண்பர் சார்லஸ் ஃபோர்டு தம் படியில் குறித்துவைத்திருந்த திருத்தங்களை ஸ்விஃப்ட் 1733இல் கேட்டெழுதியிருப்பதையும் இங்கு இணைத்துக் காணவேண்டும்.

அந்நான்கு தொகுதிகளும் தம் விருப்பத்துக்கு மாறாகவே அச்சாயின என்று ஸ்விஃப்ட் நண்பருக்கு எழுதியதுண்டு. அதனை நேர்ப்பொருளில் கொள்ளுதல் அரிது. மோட் 1735 நவம்பரில் இலண்டன் நீதிமன்றில் ஃபாக்னர் பதிப்பின் விற்பனைக்குத் தடையாணை பெற்றார். மறு ஆண்டு மே மாதம் ஸ்விஃப்ட் அவருக்கு எழுதிய மடலில், தாம் டப்ளின் புத்தக வணிகராய் இருந்திருந்தால் பாதுகாப்பான வழிகளையெல்லாம் கையாண்டு நூல்களை இங்கிலாந்தின் ஊர்களுக்கு அனுப்பியிருப்பேன் என்னும் கருத்துப்படக் கடிந்துரைக்கிறார். உண்மையில் வெறுத்த பதிப்புக்காக ஒருவர் இவ்வளவு சினங்கொள்வாரா?

எனினும் ஃபாக்னர் பாடத்தை முற்றுப்பெற்ற மூலமாகக் கொள்ளவும் இயலாது. மூன்றாம் பாகத்தில், பறக்கும் தீவின் கொடுமைக்கெதிராக லிண்டலினோ என்னும் நகரம் எழுச்சி கொள்ளும் பகுதி, ஃபோர்டின் படியில் கையெழுத்தாக உள்ளது. ‘லின்’ என்னும் அசை இருமுறை வரும் அப்பெயர் டப்ளினையே குறிக்கும். உட்டின் செப்புக்காசுகளை டப்ளின் மக்கள் எதிர்த்து வென்றதே அதன் உட்பொருள். மோட்டும் அதனை அச்சிடவில்லை, ஃபாக்னரும் அச்சிடவில்லை. 1899இல்தான் அது அச்சேறியது. ஹெர்பர்ட் டேவிஸ் 1941இல் ஃபாக்னர் பாடத்தை அடிப்படையாகக் கொண்டு பதிப்பித்தார். 2002இல் வந்த நார்ட்டன் பதிப்போ மோட்டின் 1726ஆம் ஆண்டுப் பாடத்துக்கே திரும்பியது. ஆசிரியர் திருத்திய பாடமா, வாசகர் முதலில் படித்த பாடமா என்னும் அவ்வினாவில், சொந்த நகரின் வெற்றியைச் சொல்லும் பக்கத்தை டப்ளின் பதிப்பாளரே அச்சேற்றவில்லை என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டியுள்ளது.