இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பட்டப்படிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குள் கணினி முதலில் கணிப்புக் கருவியாகவே நுழைந்தது. புள்ளிவிவரவியலாளரும் பொறியியலாளரும் தத்தம் ஆய்வுக்கு அதைப் பயன்படுத்தினர். கணினியையே பாடமாகக் கற்றுப் பட்டம் பெறும் நிலை 1980களில்தான் உருவாகத் தொடங்கியது. அன்று முதல் இப்பட்டப்படிப்பு மூன்று கட்டங்களாக வளர்ந்துள்ளது. முந்தைய கட்டத்தில் வாய்ப்பின்றி நின்ற மாணவருக்கு அடுத்த கட்டம் வழிவிட்டதே இவ்வளர்ச்சியின் சாரம்.

முதற்கட்டத்துக்கு அரசின் கொள்கை அடித்தளமிட்டது. 1983இல் தேசிய கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதைச் செயற்படுத்தும் பேரவை அமைந்தது. 1985இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரவியல், கணினி விஞ்ஞானத் துறை தோன்றியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையும் அதே ஆண்டுக்குரியது. கொழும்பில் இம்முயற்சிகளை முன்னின்று நடத்தியவர் கணிதப் பேராசிரியர் வீ. கே. சமரநாயக்க. எனினும், க.பொ.த. உயர்தரத்தில் கணிதம் கற்றுப் பௌதிக விஞ்ஞானத்துக்கோ பொறியியலுக்கோ தெரிவான சிலருக்கே இக்கல்வி கிட்டியது.

இரண்டாம் கட்டம் 2000ஆம் ஆண்டை ஒட்டியது. மென்பொருள் துறை வளர்ந்து ஆட்தேவை பெருகியபோது, பல்கலைக்கழக இடங்கள் போதவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தகவல் தொழினுட்பத்தில் வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. பாடத்திட்டமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. கற்பித்தலைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் ஏற்றன. கலை, வணிகப் பிரிவு மாணவருக்கும், வேலை செய்துகொண்டே படிப்போருக்கும் இது வாய்ப்பளித்தது. ஆனால் படிப்புச் செலவு மாணவரின் தலையில் விழுந்தது. 2001இல் மொறட்டுவையில் தகவல் தொழினுட்பப் பீடமும், 2002இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் நிறுவப்பட்டன. கணினிக் கல்வி பிற துறைகளின் நிழலிலிருந்து விடுபட்டுத் தனி நிறுவனங்களைப் பெற்றது.

மூன்றாம் கட்டத்தின் வேர் பாடசாலையில் உள்ளது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு அறிமுகமாகி, 2015இல் அதன் முதற் பரீட்சை நடைபெற்றது. அப்பிரிவினர் தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானத்துடன் பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியலைக் கற்கின்றனர்; மூன்றாம் பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தெரிவுசெய்யலாம். இவர்களுக்கெனப் பல்கலைக்கழகங்களில் தொழினுட்பப் பீடங்கள் எழுந்தன. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்ற பெயரிலேயே நான்காண்டுச் சிறப்புப் பட்டம் வந்தது. நிரலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவற்றோடு தொழிற்பயிற்சியும் இறுதியாண்டுச் செயற்றிட்டமும் அதில் இடம்பெறுகின்றன. வெளிவாரிப் பட்டத்தைப் போலன்றி, இது இலவசக் கல்வியின் எல்லைக்குள் அமைந்தது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் இப்பட்டத்தை வழங்குவதால், வடக்கு கிழக்கு மாணவருக்கும் அது அருகில் வந்தது.

எஞ்சியுள்ள தடை மொழி. உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ கற்றவர், பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் தொடர வேண்டியுள்ளது. நிரலாக்கத்தின் தருக்கத்தைப் புரிந்துகொண்ட மாணவரும் அதை ஆங்கிலத்தில் விளக்கி எழுதத் தடுமாறும்போது, அவரது அறிவு விடைத்தாளில் குறைந்தே தெரிகிறது. பாடப்பிரிவாலும் பணத்தாலும் நேர்ந்த தடைகளைத் தளர்த்தப் புதிய துறைகளும் பீடங்களும் உதவின. மொழித்தடையோ வகுப்பறையில் தீர்க்கப்பட வேண்டியது. முதலாண்டு ஆங்கிலப் பயிற்சியும் தாய்மொழித் துணைநூல்களும் அதற்கு இன்றியமையாதவை.