திருத்தணி – திப்ருகர்: நேரமும் வட்டார இயல்பும்

திருத்தணி, ஆந்திர எல்லையை ஒட்டித் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள மலைக்கோயில் ஊர். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. திப்ருகர், மேல் அசாமில் பிரம்மபுத்திராவின் தென்கரையில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மாவட்டம். திருத்தணி ஏறத்தாழ 79.6 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையிலும், திப்ருகர் 94.9 பாகையிலும் அமைந்துள்ளன. பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் திப்ருகரின் நண்பகல் 61 நிமிடம் முந்தியது. ஆயினும் இரண்டிடத்திலும் சட்டப்படி ஒரே இந்திய நேரம்தான். அட்சரேகை வேறுபாடும் சேர்வதால், ஜூன் பிற்பகுதியில் திப்ருகரில் சூரியன் 4.20 மணியளவிலும் திருத்தணியில் 5.45 அளவிலும் உதிக்கிறது. டிசம்பரில் திப்ருகரில் மாலை 4.20க்கே பொழுது சாய்ந்துவிடும்.

நேர வரலாறு: பழங்காலத்தில் சூரிய உதயம் முதல் நாழிகை எண்ணினர், நாளொன்றுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் உதயமே கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகக் கட்டடம் எழுப்பியது. அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் சென்னையின் தீர்க்கரேகையை அளந்து, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய சென்னை நேரத்தை 1802இல் வரையறுத்தார். கல்கத்தா நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் இடைப்பட்டது என்பதால் பின்னர் இந்திய ரயில்வேக்கள் இதனையே கைக்கொண்டன. திருத்தணிக்கு அது ஏறக்குறைய சொந்த நேரமே. வேறுபாடு மூன்று நிமிடம்கூட இல்லை. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் சுமார் 9 நிமிடம் முன்தள்ளப்பட்டன. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல் 1945 வரை, நாடு முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டது. திப்ருகருக்கு அது இயல்பாகப் பொருந்தியது. திருத்தணியில் டிசம்பர் விடியல் ஏழரை மணிக்குத் தள்ளிப்போனது.

திருத்தணியின் இயல்பு: 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூரும் அங்கே சேர்க்கப்பட்டது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று தாய்மாநிலம் திரும்பியது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரமாதலால் யுகாதியும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்துக் கொண்டாடப்படுகின்றன. மலைப்படிகள் 365, ஆண்டின் நாட்களைக் குறிப்பன. டிசம்பர் 31 அன்று படிதோறும் திருப்புகழ் பாடி ஏறும் படித்திருவிழாவை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திரளும். முருகன் சினம் தணிந்த தலமாதலால் கந்தசஷ்டியில் இங்குச் சூரசம்ஹாரம் கிடையாது. சுற்றுப்புறத்தில் நெசவும் கரும்பும் தொழில்.

திப்ருகரின் இயல்பு: தோட்டத் தொழிலாளரின் முன்னோர் சோட்டா நாகபுரி, ஒடிசா, அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்கு மாவட்டங்கள் ஆகியவற்றிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பகல் வெளிச்சம் வீணாகாதிருக்க, ஆங்கிலேயத் தோட்டத்துரைகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தனர். அதுவே ‘பாகான் நேரம்’ (தோட்ட நேரம்). மேலே கண்ட 61 நிமிடம் திருத்தணியோடு ஒப்பிட்ட கணக்கு; இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82.5 பாகையோடு ஒப்பிட்டால் திப்ருகர் சுமார் 50 நிமிடம் முந்தியது, இவ்வொரு மணி அதைவிடச் சற்றே மிகுதி. ஆயினும் அதனை வெறும் தோட்டத்து வழக்கம் என்று ஒதுக்குவது பொருந்தாது. அவ்வட்டாரத்தின் சூரிய நேரத்துக்கு அது நெருக்கமானது. 1950 ஆகஸ்ட் 15 நிலநடுக்கத்தால் ஆற்றுப்படுகை உயர்ந்து, நகரின் பெரும்பகுதியைப் பிரம்மபுத்திரா அரித்துச் சென்றது.

தற்கால நிலை: 2014இல் அசாம் முதல்வர் தருண் கோகோய் தனி நேரம் கோரினார். 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வக அறிவியலாளர்கள் இரு நேர மண்டலங்களைப் பரிந்துரைத்தனர். மத்திய அரசு அதனை ஏற்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் பாகான் நேரம் இன்றும் வழக்கில் உள்ளது.